அடுக்களை அலமாரியின் நிறம்

வரலாறு என்றவுடன் போர்க்களமும் கோட்டை கொத்தளமும் கல்வெட்டுமே நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அடுக்களைக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்குள்ள அலமாரிக் கதவில் தீட்டிய வண்ணத்துக்குங்கூட உண்டு என்பதைச் சில திங்களுக்கு முன்னர்வரை யாமும் எண்ணிப் பார்த்ததில்லை. பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் எம் தந்தையார் கட்டிவைத்த வீட்டின் அடுக்களையைப் புதுக்க நேர்ந்தபோதுதான் அவ்வெண்ணம் எழுந்தது. வண்ணக் கடையிலிருந்து கொணர்ந்த மாதிரி அட்டையில் எம் இல்லாள் ஒரு நிறத்தைச் சுட்டினார். அது நீலமும் அன்று, பச்சையும் அன்று. இரண்டும் கலந்து, அதன்மேல் சாம்பல் தூவினாற்போன்ற மங்கிய நிறம். இப்போது எல்லோரும் விரும்பிக் கேட்பது இதுவே என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அருகே அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எம் தாயார் அட்டையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது உங்கப்பா அடிச்ச அலமாரி நிறந்தானே? இதுக்கா இத்தனை காசு?" என்றார். அந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் இந்நிறத்துக்குத் தமிழில் பெயருண்டா என்று காண்போம். புடவைக் கடைக்குச் செல்லும் நம் பெண்டிரைக் கேட்டால் தயங்காமல் விடை கூறுவர். மயில் கழுத்து என்பர். ராமர் பச்சை என்பர். சற்றே கறுத்தால் பாசிப் பச்சை என்பர். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே நம் முன்னோர் வேலி எழுப்பவில்லை. திருமாலை நீலவண்ணன் என்று வாழ்த்திய அதே மக்கள்தாம் காஞ்சியில் அவரைப் பச்சைவண்ணர் என்று கோயில் கொள்ளச் செய்தனர். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் செம்பு உப்புக்கும் மயிலின் பெயரையே சூட்டி மயில்துத்தம் என்றனர். இந்த மயில்துத்தத்தைப் படிப்பவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். இக்கதையில் அது மீண்டும் வரும்.

சுவரில் இந்நிறம் நிலைப்பது எளிதன்று. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. பல வண்ணங்களை அது தின்றுவிடும். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு உணர்த்தினார். பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அவற்றின் வண்ணங்களை ஆராய்ந்தார். அங்குள்ள பச்சை, பச்சைமண் எனப்படும் இயற்கை மண்ணால் ஆயது. பச்சைமண் தன்னியல்பிலேயே சற்று நீலமும் சாம்பலும் ஓடிய மங்கல் நிறம். சுண்ணாம்பு அதனை ஒன்றும் செய்வதில்லை. ஆயிரம் ஆண்டு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலமோ மரத்தில் எண்ணெயோடு குழைத்துப் பூசினால் பகட்டும்; புதுச் சுண்ணாம்புச் சுவரில் பூசினால் பழுப்பாகிப் பாழ்படும். சுவருக்கு ஒரு நீலம், கதவுக்கு ஒரு நீலம் என்று நம் கொத்தனார்களும் தச்சர்களும் வேறு வேறு சரக்கை நாடியதன் உட்பொருள் இதுவே.

இனி மயில்துத்தத்துக்கு வருவோம். நீர்த்த சுண்ணாம்போடு அதனைக் கலந்தால் வெளிறிய நீலப்பச்சைக் குழம்பு கிடைக்கும். பிரான்சு நாட்டில் போர்தோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் வழிப்போக்கர் கனியைப் பறிக்காதிருக்கும்பொருட்டுச் சாலையோரக் கொடிகளில் இக்குழம்பைத் தெளித்து வைத்தனர். நச்சு போல் தோன்றினால் யார் வாயில் இடுவர்? அவ்வாறு தெளித்த கொடிகளை மட்டும் பூஞ்சை நோய் அண்டவில்லை என்பதை 1882ஆம் ஆண்டில் மில்லார்தே என்னும் அறிஞர் கண்டு, 1885இல் வெளியிட்டார். கள்வரைத் தடுக்கப் பூசிய நிறம் நோயைத் தடுத்தது! அதே போர்தோ கலவையைத்தான், கனடாவிலிருந்து வந்து மைசூர் அரசில் பணியாற்றிய லெஸ்லி கோல்மன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களைச் சூறையாடிய கொளெரோகத்துக்கு எதிராகப் பயன்படுத்தினார். குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்ட வேலைக்குச் சென்ற நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, மழைக்கு முன்னர் இலையெல்லாம் நீலம் பூத்து நிற்கும் காட்சி புதிதன்று.

நீலப்பச்சை பூச்சியையும் நோயையும் விரட்டும் என்னும் நம்பிக்கை மக்கள் மனத்தில் வேரூன்ற இவ்வளவு போதாதா? ஜோத்பூர் நகரத்து நீல வீடுகளைப் பற்றியும் அவ்வூரார் இவ்வாறே கூறுவர். பெங்களூரிலோ நோய் என்பது கதையன்று. 1898இல் இந்நகரைப் பிளேக் தாக்கியது. தண்டுப் பகுதியின் நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் பட்ட பாட்டுக்கு இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களே சான்று. அதன் பின்னரே பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற அகன்ற தெருக்கள் கொண்ட பகுதிகள் எழுந்தன. வீட்டின் காற்றும் வெளிச்சமும் வெள்ளையடிப்பும் அரசின் கவலைகள் ஆயின.

எனினும் எல்லாப் பச்சையும் காக்கும் பச்சை அன்று. 1775இல் ஷீலே என்பவர் கண்ட பச்சையும், 1814இல் தோன்றிய பாரிஸ் பச்சையும் செம்போடு பாடாணமாகிய ஆர்சனிக்கைச் சேர்த்துச் செய்தவை. ஐரோப்பியர் அவற்றைச் சுவர்த்தாளில் அச்சிட்டு அறைகளில் ஒட்டி மகிழ்ந்தனர், நோயுற்றனர். பின்னர்ப் பாரிஸ் பச்சை பூச்சிகொல்லியாகவே வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது நம் உண்மையான பொருளாகிய அடுக்களை அலமாரிக்கு வருவோம். முதல் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. பிராங்பர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே என்பவர் தலைமையில் உழைக்கும் மக்களுக்காகக் குடியிருப்புகள் எழுந்தபோது, அவற்றின் அடுக்களையை வரைந்து தரும் பணி 1926இல் மார்கரேட்டே லிகோட்ஸ்கி என்னும் வியன்னா நகரத்து இளம்பெண்ணிடம் வந்தது. 1897இல் பிறந்த அவர், ஆஸ்திரியாவில் கட்டடக் கலை பயின்ற முதற் பெண்டிருள் ஒருவர். அவர் வகுத்த அடுக்களையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இன்று நம் நகரங்களில் அடுக்கக வீடுகளில் காணும் அடுக்களைக்கெல்லாம் அதுவே மூதாதை எனலாம். அரிசிக்கும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் கைப்பிடி வைத்த அலுமினியப் பேழைகள். மாவுக்கு மட்டும் கருவாலி மரப்பேழை, ஏனெனில் அம்மரத்தின் துவர்ப்பைப் புழு விரும்பாது. நம் பாட்டிமார் அரிசியில் வேப்பிலை போட்ட அறிவும் இஃதும் உடன்பிறப்புகள். அலமாரிக் கதவுகளுக்கு அவர் தேர்ந்த நிறம் எது? நீலப்பச்சை! நீலத்தில் ஈ அமராது என்று அக்காலத்து ஆய்வாளர் கூறியதே காரணம். (ஆப்பிரிக்காவின் செட்சி ஈ நீலத்தை நாடி வந்து விழும் என்பதும், நீலத் துணிப்பொறி வைத்தே அதனைப் பிடிக்கின்றனர் என்பதும் பிற்கால அறிவு. ஈக்களுக்குள்ளும் சுவை வேற்றுமை உண்டு போலும்.) ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் இவ்வடுக்களை அமைந்தது.

இதில் ஒரு வியப்பு. அதனை வகுக்கும் வரையில் தாம் சமைத்ததும் இல்லை, இல்லம் நடத்தியதும் இல்லை என்று அவ்வம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கடிகாரத்தை வைத்து அடியெண்ணி வகுத்த அடுக்களையில் ஒருவருக்கு மேல் நிற்க இடமில்லை. மாமியும் மருமகளும் சேர்ந்து அப்பளம் இடுவது இயலாது. ஆயினும் அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. நாஜி ஆட்சியை எதிர்த்து இயங்கியமைக்காக 1941இல் சிறைப்பட்டு, 1945இல் விடுதலையான வீராங்கனை அவர். 2000ஆம் ஆண்டில், நூற்று மூன்றாம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னர் மறைந்தார்.

அந்நிறம் அடுக்களையோடு நிற்கவில்லை. 1914இல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்னும் அறுவை மருத்துவர், குருதியின் செம்மையை உற்று நோக்கி நோக்கிக் கூசும் கண்ணுக்கு ஆறுதலாகத் தம் அறுவை அறைக்குப் பச்சை தீட்டச் செய்தார். செம்மையை நெடிது நோக்கிய கண் வெள்ளைச் சுவரில் நீலப்பச்சை நிழலைக் காண்பது இயற்கை. சுவரே அந்நிறமாயின் நிழல் தொல்லை இல்லை. இதே நியாயம் பின்னர்த் தொழிற்சாலைக்கும் சென்றது. 1928இல் ஸ்காட்லாந்து நாட்டுச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் தற்செயலாகத் தலைகாட்டிய பொருளின் வழிவந்த தாலோசயனின் நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. சுண்ணாம்பும் வெயிலும் அதனைச் சிதைப்பதில்லை. சிறிது கலந்தாலே போதும். அதன் மூலக்கூற்றின் நடுவே வீற்றிருப்பது எது தெரியுமா? செம்பு! மயில்துத்தத்தின் உறவு ஈண்டும் விடவில்லை.

பெங்களூரில் 1940இல் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்சும் எழுந்தன. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் தமிழர் குடும்பம் குடும்பமாக வந்தனர். எம் தந்தையாரும் அவ்வாறு குடியாத்தத்திலிருந்து வந்து ஆலை ஒன்றில் கடைசல் இயந்திரம் இயக்கியவர். அவர் நாள்முழுதும் கண்ட இயந்திரத்தின் உடல் சாம்பல் கலந்த பச்சை. இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் மரப்பலகையை ஆலையில் ஏலம் விடுவர். அதில் எடுத்த பலகையால் அவரே கம்பிவலை பதித்த ஓர் அலமாரி செய்தார். கிடங்கில் கழித்து விற்ற இயந்திர வண்ணம் அரை டப்பா கிடைத்தது. பச்சை மிகுதி என்று நீலம் சிறிது சேர்த்தார்; அளவு போதவில்லை என்று வெள்ளை சேர்த்தார். பிராங்பர்ட்டின் நிறம் பெங்களூர்க் குடியிருப்பில் பிறந்த கதை இதுதான். எறும்பு ஏறாதிருக்க அதன் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. பாலும் தயிரும் மீந்த குழம்பும் அதற்குள்தான்.

இவற்றையெல்லாம் திரட்டி ஒருநாள் மாலை எம் தாயாரிடம் எடுத்துரைத்தோம். ஈயின் கதையைக் கேட்டுச் சிரித்தார். "ஈயெல்லாம் தாராளமா உட்காரும். மண்ணெண்ணெய் அடுப்புப் புகை படிஞ்சா தெரியாது, அது ஒண்ணுதான் அதுல நல்லது" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் மஞ்சள்தான் கேட்டேன். எங்கம்மா வீட்டுல மாடமெல்லாம் மஞ்சளா இருக்கும். இருக்கிற பெயிண்டை வெச்சுத்தான் அடிக்க முடியும்னாரு" என்றும் கூறினார். நாற்பது ஆண்டுக்கு மேல் அவ்வலமாரியின் முன் நின்றவர் அவர். எந்நிறம் வேண்டும் என்று அவரை இரண்டாம் முறை வினவியவர் எவருமில்லை. எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். அட்டையைக்கூட அன்று முதலில் மனைவியிடந்தான் நீட்டினோம்.

இம்முறை வினவினோம். மருமகள் தேர்ந்த நிறமே இருக்கட்டும் என்றார், ஆனால் வெளிப்புறம் மட்டும். உட்புறம் முழுதும் வெள்ளை அடிக்க வேண்டும். இருண்ட நிறம் அடித்தால் கரப்பான் மறைந்திருப்பது தெரியாது என்பது அவர் கட்சி. வண்ணம் பூச வந்த இளைஞரிடம் இதைத் தாமே நின்று விளக்கினார். அவரும் தலையசைத்து, "வேற ஏதாவது இருக்கா அம்மா?" என்று கேட்டார்.

"அந்த அஞ்சறைப்பெட்டி வைக்கிற தட்டு ஒண்ணு இருக்கு பாரு தம்பி, அதுக்கு மட்டும் மஞ்சள்" என்றார் எம் தாயார்.