எறிகோல் ஏந்திய கை

2018ஆம் ஆண்டு, பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைமேட்டில், கடல் மட்டத்திலிருந்து 3925 மீட்டர் உயரத்தில், விலமாயா பட்ஷா என்னும் இடத்தில் அகழ்வாய்வுக் குழு ஒன்று ஒரு புதைகுழியைத் திறந்தது. ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமையானது. எலும்புகள் நொறுங்கிக் கிடந்தன. அவற்றை ஒட்டி, ஒரு பைக்குள் போட்டு வைத்ததுபோல் கற்கருவிகள் ஒரே குவியலாக இருந்தன: எறியீட்டியின் முனைகள், கத்திபோன்ற சில்லுகள், தோலைச் சுரண்டும் கற்கள், செங்காவிக் கட்டிகள். கருவிகள் 24. விலங்கை வீழ்த்துவது முதல் அதன் தோலைப் பதப்படுத்துவதுவரை ஒரு வேட்டைக்கு வேண்டிய எல்லாம். பெரிய வேட்டைக்காரன், ஒருவேளை தலைவனாகவே இருந்திருப்பான் என்றுதான் குழியைச் சுற்றி நின்றவர்கள் முதலில் நினைத்தார்கள்.

எலும்புகள் மெலிதாக இருப்பதைக் கவனித்துச் சொன்னவர் ஜேம்ஸ் வாட்சன் என்னும் ஆய்வாளர். பிறகு பல்லின் எனாமலில் எஞ்சியிருந்த புரதத்தைச் சோதித்தார்கள். பெண். இறந்தபோது வயது 17க்கும் 19க்கும் இடையில். கல்லூரியில் என் முதலாமாண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வயது.

அவள் கையில் இருந்திருக்கக்கூடிய கருவிக்கு அட்லாட்ல் என்று பெயர். அஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழிச் சொல் அது. தமிழில் எறிகோல் என்று சொல்லிக்கொள்கிறேன். ஏறக்குறைய முழங்கை நீளமுள்ள ஒரு கோல். ஒரு முனையில் பிடி, மறுமுனையில் சிறு கொக்கி. மெல்லிய நீண்ட ஈட்டியின் பின்முனையில் இருக்கும் குழியை அந்தக் கொக்கியில் பொருத்தி, கோலோடு சேர்த்துக் கையை வீச வேண்டும். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டினால் ஈட்டி வளைந்து நிமிர்ந்து பறக்கும். கோல் செய்வது இவ்வளவுதான்: கைக்கு இன்னொரு மூட்டை ஒட்டவைக்கிறது. தோள்வலிமை குறைந்தவருக்கும் அது நீண்ட கையைத் தந்துவிடுகிறது. ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடமும் இதே கருவி உண்டு, வூமெரா என்பார்கள். பிரான்சில் மான்கொம்பில் செய்த கொக்கி ஒன்று 17,000 ஆண்டுகளுக்கும் முந்தையது.

இன்று அமெரிக்காவில் இது ஒரு விளையாட்டும்கூட. 15 மீட்டரிலிருந்து ஐந்து, 20 மீட்டரிலிருந்து ஐந்து என எறிந்து குறிபார்க்கும் போட்டிகள் நடக்கின்றன. தங்கள் கோலைத் தாங்களே செதுக்கிக்கொள்பவர்கள் அதில் பலர்.

ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிஷேல் பெபர் என்னும் தொல்லியலாளரும் அவரது சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 108 பேர், பெரும்பாலும் பழக்கமில்லாதவர்கள், 2160 எறிதல்கள். வெறுங்கையால் ஈட்டி எறிந்தபோது ஆண்களின் ஈட்டி வேகமாகப் போனது. எறிகோலைக் கொடுத்ததும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. 2023இல் வெளியான இந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு வியப்பைவிட எரிச்சல்தான் வந்தது. அந்தக் கோலைக் கையில் எடுத்துப் பார்க்கும் முன்பே நாம் எத்தனை பக்கங்கள் எழுதிவிட்டோம்!

1966இல் சிகாகோவில் நடந்த மாநாட்டின் பெயரே ‘வேட்டைக்காரனான மனிதன்’. அங்கே மனிதன் என்றால் ஆண். அதை எதிர்த்து 1971இலேயே எழுதினார் சாலி ஸ்லோகம், பெண்ணைக் காய்கனி சேகரிப்பவளாக முன்நிறுத்தி. நம் மொழியும் சளைத்ததல்ல: வேடன் என்றால் வேட்டையாடுபவன், வேட்டுவச்சி என்றால் அந்தக் குடியில் பிறந்தவள், அல்லது அங்கே வாழ்க்கைப்பட்டவள்.

விலமாயா பட்ஷா முடிவுகளை ராண்டல் ஹாஸ் குழுவினர் 2020இல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களின் 107 பழைய இடங்களில் கிடைத்த 429 பேரின் புதைப்புகளையும் அலசியிருந்தார்கள். வேட்டைக் கருவியோடு புதைக்கப்பட்டவர்கள் அதில் 27 பேர்; அவர்களில் 11 பேர் பெண்கள். உடனே கேள்விகள் கிளம்பின. குழியில் வைத்த பொருள் புதைக்கப்பட்டவருடையது என்று எப்படிச் சொல்வது? உறவினர் வைத்த காணிக்கையாக இருக்கலாமே? நியாயமான கேள்விதான். ஆணின் குழியில் ஈட்டிமுனை கிடைத்த போதெல்லாம் இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது என்பதுதான் என் கேள்வி.

இதற்குப் பிறகு நடந்ததை நம் பெண்ணியக் கூட்டங்களில்கூட அதிகம் பேசுவதில்லை. 2024இல் அதே ஹாஸ் உள்ளிட்ட குழு, அங்கும் அருகிலுள்ள இன்னொரு இடத்திலும் புதைக்கப்பட்ட 24 பேரின் எலும்புகளைச் சோதித்தது. அவர்கள் உண்டதில் சுமார் 80 விழுக்காடு தாவர உணவு, பெரும்பாலும் கிழங்காக இருக்கலாம். வேட்டைக்காரி செய்தி உலகமெங்கும் தலைப்பானது. கிழங்குச் செய்திக்கு அந்த வரவேற்பு இல்லை. ஈட்டி எறிந்தாள் என்றதும் மகிழ்கிற நாம், கிழங்கு தோண்டினாள் என்றால் ஏன் சற்றுச் சுருங்கிப்போகிறோம்? வேட்டைக்குத்தான் மதிப்பு என்ற பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் பெண்ணுக்கும் ஒரு வரி சேர்த்தால் போதுமா? மாணவிகளிடம் கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: “ரெண்டையும் அவளே செஞ்சிருப்பா மேடம். எங்கம்மா அப்படித்தான்.”

குழியில் கிடைத்தவை கற்கள் மட்டும். எறிகோல் மரம், மக்கிப்போயிற்று. கிழங்கு தோண்டும் கோல் இருந்திருந்தால் அதுவும் மரம்தான்.