டர்போ ஹைப்ரிட் பந்தய எஞ்சின்கள்: ஆற்றலும் எரிபொருள் சிக்கனமும்

டர்போ ஹைப்ரிட் பந்தய எஞ்சின் என்பது டர்போசார்ஜர் பூட்டிய பெட்ரோல் எஞ்சினும், வீணாகும் ஆற்றலை மீட்டுச் சேமிக்கும் மின்பொறிகளும் சேர்ந்து ஒரே அலகாக இயங்கும் அமைப்பு. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா 1 கார்களில் இருந்த 1.6 லிட்டர் வி6 எஞ்சின் இவ்வகையின் உச்சம். பந்தய உலகில் இதை எஞ்சின் என்று சொல்வதைவிடப் பவர் யூனிட் என்றே சொல்வார்கள். அதிக ஆற்றல் வேண்டுமானால் அதிகம் எரிக்க வேண்டும் என்பதே அதுவரை பந்தயத்தில் நிலவிய கணக்கு. அதை அடியோடு மாற்றியது இந்த எஞ்சின்.

விதி செய்த மாற்றம்

2013 வரை ஓடியது டர்போ இல்லாத 2.4 லிட்டர் வி8. நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை சுழன்று சுமார் 750 குதிரைத்திறன் தந்தது. ஒரு பந்தயத்துக்கு ஏறத்தாழ 150 கிலோ எரிபொருளைக் குடித்தது. அந்த எஞ்சினில் ஆற்றலைக் கூட்டும் வழி சுற்றுவேகத்தைக் கூட்டுவதுதான். சுற்று கூடினால் காற்று கூடும், காற்றுக்கேற்ப எரிபொருளும் கூடும்.

2014இல் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனமான எஃப்ஐஏ, காற்றை விட்டுவிட்டு எரிபொருளைப் பிடித்தது. 10,500 சுற்றுக்கு மேல் எஞ்சினுக்குள் பாயும் எரிபொருள் மணிக்கு 100 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே சுற்றுவேகத்துக்கேற்ப இன்னும் குறைவு. முழுப் பந்தயத்துக்கும் 100 கிலோதான். இந்த மொத்த அளவு 2017இல் 105 கிலோவாகவும் 2019இல் 110 கிலோவாகவும் தளர்த்தப்பட்டது. பாய்வு வரம்பில் மட்டும் 2025 வரை மாற்றமே இல்லை.

இந்த வரம்பின் கூர்மையை ஒரு கணக்கில் காணலாம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. மணிக்கு 100 கிலோ என்றால் வினாடிக்கு 28 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதாவது எஞ்சினுக்குள் நுழையும் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 1,200 கிலோவாட். யார் கட்டிய எஞ்சினாக இருந்தாலும் உள்ளே போவது இவ்வளவுதான். பழைய வி8இன் வெப்பப் பயனுறுதிறன், அதாவது எரிபொருள் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு, 29 சதவீதம். அதே திறனோடு இந்த எரிபொருளை எரித்தால் கிடைப்பது 350 கிலோவாட், சுமார் 470 குதிரைத்திறன். 50 சதவீதத்தை எட்டினால் 600 கிலோவாட், 800 குதிரைத்திறன். சேமித்த மின்சாரமும் சேரும்போது அது 900ஐத் தாண்டுகிறது. பயனுறுதிறன் ஒவ்வொரு சதவீதப் புள்ளி கூடும்போதும் ஏறத்தாழ 16 குதிரைத்திறன் கூடுகிறது. பந்தய வரலாற்றிலேயே மிக அறிவார்ந்த விதி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

15,000 சுற்று வரை விதி அனுமதித்தும் ஓட்டுநர்கள் 12,000ஐ ஒட்டியே கியரை மாற்றியதற்கும் இதுவே காரணம். 10,500க்கு மேல் எரிபொருள் கூடுவதில்லை, உராய்வு மட்டும் கூடுகிறது. எஞ்சின் சத்தம் போதவில்லை என்று 2014இல் ரசிகர்கள் மனம் நொந்தார்கள். சுற்றுவேகம் குறைந்தது ஒரு காரணம், சத்தமாகப் போக வேண்டிய ஆற்றலை டர்போவின் டர்பைன் பறித்துக்கொண்டது மறுகாரணம்.

இரண்டு மின்பொறிகள்

பவர் யூனிட்டில் மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் மாறி மாறி வேலை செய்யும் இரண்டு மின்பொறிகள் இருந்தன. எம்ஜியு-கே என்பது எஞ்சினின் கிராங்க் தண்டோடு இணைந்தது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுத்து, முடுக்கும்போது 120 கிலோவாட் வரை திருப்பித் தந்தது. பேட்டரியில் இது ஒரு சுற்றுக்குச் சேர்க்க முடிந்தது 2 மெகாஜூல், அதிலிருந்து எடுக்க முடிந்தது 4 மெகாஜூல். முழுத் திறனில் 33 வினாடிக்கு அது போதும்.

எடுப்பது 4, சேர்ப்பது 2 என்றால் மீதி எங்கிருந்து வரும்? அதைத் தந்ததுதான் எம்ஜியு-எச். டர்போவில் எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைனையும் காற்றை அமுக்கும் கம்ப்ரசரையும் இணைக்கும் தண்டிலேயே அமர்ந்து, நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழன்ற பொறி அது. எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைச் சுற்றும்போது கம்ப்ரசருக்குத் தேவையானது போக மிஞ்சும் ஆற்றலை மின்சாரமாக்கியது. அந்த மின்சாரம் பேட்டரியைத் தொடாமல் நேரே எம்ஜியு-கேவுக்குப் போக முடிந்தது, அதற்கு விதியில் வரம்பே இருக்கவில்லை. ஓட்டுநர் காலை எடுத்து மீண்டும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இதுவே மோட்டாராகி, கம்ப்ரசரை நொடியில் வேகத்துக்குக் கொண்டுவந்தது. டர்போ எஞ்சின்களின் பழைய நோயான தாமதம் அதோடு ஒழிந்தது.

தகுதிச் சுற்றில் இன்னொரு உத்தி கையாளப்பட்டது. பேட்டரி மின்சாரத்தால் எம்ஜியு-எச் கம்ப்ரசரைச் சுழற்றும். வேஸ்ட்கேட் வால்வைத் திறந்து எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விட்டுவிடுவார்கள். பின்னழுத்தம் குறைவதால் பிஸ்டன்கள் வாயுவை வெளியே தள்ளச் செலவிடும் உழைப்பு மிச்சமாகும், கிராங்க் தண்டில் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். பேட்டரி விரைவில் காலியாகிவிடும் என்பதால் ஒற்றைச் சுற்றுக்கு ஏற்ற உத்தி இது.

எரியும் விதம்

எரிபொருளுக்கு வரம்பு உண்டு, காற்றுக்கு இல்லை. ஆகவே வேதியியல் கணக்குக்குத் தேவையானதைவிட அதிகக் காற்றைத் திணித்து, எரிபொருள் மெலிந்த கலவையை எரிப்பது லாபம். ஆனால் மெலிந்த கலவை எளிதில் பற்றாது, பற்றினாலும் மெதுவாக எரியும். இதற்குத் தீர்வாக வந்தது முன்னறைப் பற்றவைப்பு. ஸ்பார்க் பிளக்கைச் சுற்றிச் சிறு அறை ஒன்று இருக்கும், அதில் கலவை சற்றுச் செறிவாக இருக்கும். தீப்பொறி அங்கே பற்றியதும், அறையின் நுண்துளைகள் வழியே தீச்சுடர்கள் பெரிய அறைக்குள் பல திசைகளில் பீறிட்டு, கலவை முழுவதையும் ஒரே வேளையில் எரிக்கும். எரிதல் விரைவாக முடிந்துவிடுவதால், கலவை தானாகத் தீப்பற்றும் நாக்கிங் தோன்ற நேரமில்லை. அமுக்க விகிதத்தையும் உயர்த்தலாம்.

ஒரு தகுதிநீக்கம்

2014 மார்ச் 16, மெல்பர்ன். சொந்த நாட்டில் ஓடிய ரெட் புல் ஓட்டுநர் டேனியல் ரிக்கார்டோ இரண்டாவதாக வந்து மேடையேறினார். சில மணி நேரத்தில் அவர் பெயர் முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எரிபொருள் குழாயில் பொருத்திய மீயொலி உணரி, பாய்வு மணிக்கு 100 கிலோவைத் தாண்டியதாகக் காட்டியிருந்தது. உணரி சரியில்லை, எங்கள் கணக்கே சரி என்றது அணி. பந்தயத்தின்போதே பாய்வைக் குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை என்றது எஃப்ஐஏ. ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பாய்வு வரம்பு எவ்வளவு கறாரானது என்பதை எல்லா அணிகளும் அன்று உணர்ந்தன.

முன்னேறியவர்களும் பின்தங்கியவர்களும்

இங்கிலாந்தின் பிரிக்ஸ்வொர்த்தில் ஆண்டி கவெல் தலைமையில் உருவான மெர்சிடிஸ் எஞ்சின், முதலாண்டிலேயே 19 பந்தயங்களில் 16ஐ வென்றது. கம்ப்ரசரை எஞ்சினின் முன்புறத்திலும் டர்பைனைப் பின்புறத்திலும் பிரித்து வைத்து, நடுவே வி வடிவப் பள்ளத்தில் எம்ஜியு-எச்சை அமர்த்தியது அதன் புதுமை. சூடான பக்கம் விலகியதால் காற்று குளிர்ச்சியாக இருந்தது, கம்ப்ரசரையும் பெரிதாகச் செய்ய முடிந்தது. 2014இல் 44 சதவீதமாக இருந்த பயனுறுதிறன், 2017 செப்டம்பரில் சோதனை மேடையில் 50 சதவீதத்தைத் தாண்டியதாக அந்நிறுவனம் அறிவித்தது.

2015இல் மெக்லாரன் அணியோடு வந்த ஹோண்டா எதிர்த்திசையில் போனது. இடத்தை மிச்சப்படுத்த கம்ப்ரசரைச் சிறிதாக்கி வி பள்ளத்துக்குள்ளேயே ஒடுக்கியது. போதிய மின்சாரம் மீளவில்லை, நேர்ப்பாதையின் பாதியிலேயே கார்கள் தளர்ந்தன. 2017இல் பிரித்து வைக்கும் அமைப்புக்கு மாறியது. பின்னர் ஹோண்டாவின் விமான எஞ்சின் பிரிவின் அறிவு டர்போ வடிவமைப்புக்குக் கைகொடுத்தது. 2019இல் ஆஸ்திரியாவில் ரெட் புல் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இவ்வெஞ்சினுக்கு முதல் வெற்றியைத் தந்தார், 2021இல் உலகப் பட்டமும் பெற்றார்.

2026 விதிகள்

2026 முதல் எம்ஜியு-எச் நீக்கப்பட்டது. எம்ஜியு-கேயின் திறன் 350 கிலோவாட்டாக உயர்ந்தது. எரிபொருள் முழுவதும் நீடித்த மூலங்களிலிருந்து வர வேண்டும், பாய்வும் இனி எடையில் அல்ல, ஆற்றலில் அளக்கப்படும்: மணிக்கு 3,000 மெகாஜூல். பழைய 100 கிலோ என்பது ஏறத்தாழ 4,300 மெகாஜூல். எம்ஜியு-எச் விலை மிகுந்தது, சிக்கலானது, சாலைக் கார்களுக்குப் பயன்படாதது, புதிய நிறுவனங்கள் உள்ளே வரத் தடையானது என்பவை நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கார் நிறுவனமான ஆடி உள்ளே வந்ததைப் பார்த்தால் கடைசிக் காரணத்தில் நியாயம் உண்டு. சாலைக்குப் பயன்படாது என்பதை மட்டும் ஏற்பது கடினம். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி 2022இல் எஸ்எல் 43 காரின் டர்போ தண்டில் மின்மோட்டாரைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024இல் வெளியான போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் காரில் டர்போவுக்குள் உள்ள மின்பொறி, தாமதத்தைப் போக்குவதோடு எக்ஸாஸ்ட் வாயுவிலிருந்து 11 கிலோவாட் வரை மின்சாரமும் எடுக்கிறது. மிஞ்சும் ஆற்றலை மின்பொறியே எடுத்துக்கொள்வதால் அந்தக் காரில் வேஸ்ட்கேட்டே கிடையாது.