கோர்ட்டரின் தோல்வியும் எத்தனாலின் மூன்று முகடுகளும்: அணுக்கருக் காந்த ஒத்ததிர்வின் தொடக்க வரலாறு (1936–1951)

மூலக்கூறு நிறமாலையியலின் அடிப்படை ஒன்றே. மூலக்கூறின் ஆற்றல் மட்டங்கள் தொடர்ச்சியற்றவை. இரு மட்டங்களின் இடைவெளிக்குச் சமமான ஆற்றலுடைய கதிரையே அது உட்கவரும். புறஊதாக் கதிர் எலக்ட்ரான்களையும், அகச்சிவப்புக் கதிர் பிணைப்புகளின் அதிர்வையும், நுண்ணலை சுழற்சியையும் காட்டுகின்றன. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு இவற்றினின்று ஒரு வகையில் வேறுபட்டது. புரோட்டானின் இரு தற்சுழற்சி நிலைகளும் புறக்காந்தப் புலம் இல்லாதபோது சம ஆற்றலுடையவை. புலத்தைச் செலுத்திய பின்னரே மட்டங்கள் பிரிகின்றன. 1 டெஸ்லா புலத்தில் புரோட்டானின் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 42.58 மெகாஹெர்ட்ஸ்; அதாவது ரேடியோ அலை.

இடைவெளி இவ்வளவு சிறியதாதலால் அறை வெப்பநிலையில் இரு மட்டங்களிலும் அணுக்கருக்கள் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். 1 டெஸ்லாவில், பத்து இலட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால் கீழ்மட்டத்தில் மிகுந்திருப்பவை மூன்று அளவே. சைகை முழுவதும் இம்மூன்றைச் சார்ந்தது. கதிர் அவற்றை மேலேற்றிய பின், அவை சுற்றுப்புறத்திற்கு ஆற்றலை அளித்துக் கீழிறங்க வேண்டும். அதற்காகும் காலமே தளர்வு நேரம். அது மிக நீண்டால் மட்டங்கள் சமமாகி உட்கவர்தல் நின்றுவிடும்.

நெதர்லாந்து இயற்பியலாளர் கோர்ட்டரின் முயற்சிகளை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1936இல் அவர் லித்தியம் ஃபுளுரைடு, படிகாரப் படிகங்களில் ஒத்ததிர்வால் விளையும் வெப்பநிலை உயர்வைத் தேடினார், கிட்டவில்லை. 1937இல் அமெரிக்காவில் ராபியைச் சந்தித்து ஒத்ததிர்வு முறை குறித்து உரையாடினார். ராபி குழுவினர் அம்முறையை மூலக்கூறுக் கற்றைகளில் கையாண்டு 1938இல் வெற்றி கண்டனர். கோர்ட்டருக்கு நன்றியும் தெரிவித்தனர். 1942இல் கோர்ட்டரும் புரூரும் மீண்டும் திண்மங்களில் முயன்று தோற்றனர். 'அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு' என்னும் தொடர் முதன்முதலில் அச்சேறியது இத்தோல்வியை அறிவித்த கட்டுரைத் தலைப்பிலேதான். அவருடைய படிகங்கள் மிகத் தூயவையாக இருந்ததால் தளர்வு நேரம் நீண்டு சைகை மறைந்தது என்பது பின்னாளில் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். கருத்துப் பிழையால் அவர் தோற்கவில்லை. பொருள் தேர்வே அவரைக் கைவிட்டது எனலாம்.

1945 டிசம்பர் 15 அன்று ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்டு ஆகியோர் பாரஃபின் மெழுகில் 30 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வைக் கண்டனர். தளர்வு நேரம் நீளக்கூடும் என்றஞ்சி அவர்கள் மெழுகைப் பல மணி நேரம் புலத்தில் வைத்திருந்தனர். மெழுகின் தளர்வு நேரமோ நொடியின் சிறு பகுதியே. அக்காத்திருப்பு தேவையற்றதாக இருந்தது! சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் பிளாக், ஹான்சன், பேக்கார்டு ஆகியோர் வேறொரு முறையில் நீரில் அதனைக் கண்டனர். தளர்வை விரைவுபடுத்த நீரில் காந்தத்தன்மையுள்ள ஃபெரிக் நைட்ரேட்டைக் கலக்கும் உத்தியையும் பிளாக் குழுவினர் கையாண்டனர். பர்செலும் பிளாக்கும் 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இயற்பியலாளர்கள் அணுக்கருக்களின் காந்தத் திருப்புத்திறனைத் துல்லியமாக அளக்கவே இக்கருவியை விரும்பினர். இந்நோக்குடன் ஸ்டான்ஃபோர்டில் பிராக்டரும் யூவும் அம்மோனியம் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை ஆராய்ந்தபோது ஒரு கோட்டுக்குப் பதில் இரு கோடுகள் தோன்றின. 1950இல் வெளியான இம்முடிவு அளவீட்டுக்கு ஓர் இடையூறாகவே பட்டது. அம்மோனியத்திலும் நைட்ரேட்டிலும் நைட்ரஜனைச் சூழும் எலக்ட்ரான்கள் வேறுவேறாகப் பரவியிருப்பதால் அவை புறப்புலத்தை மறைக்கும் அளவும் வேறுபடுகிறது. அணுக்கருவின் இயல்பை அளக்க வந்தவர்களுக்கு வேதிச்சூழல் குறுக்கிட்டது. 'வேதிப் பெயர்ச்சி' என்னும் பெயரிலுள்ள 'வேதி' என்ற அடைமொழியில் அவ்வேமாற்றத்தின் சாயல் இன்றும் உண்டு.

1951இல் ஆர்னால்டு, தர்மாத்தி, பேக்கார்டு ஆகிய மூவரும் எத்தனாலை ஆராய்ந்தனர். மூன்று முகடுகள் கிடைத்தன. அவற்றின் பரப்புகள் 1:2:3 என்ற விகிதத்தில் அமைந்தன. ஹைட்ராக்சில் தொகுதியில் ஒன்று, மெத்திலீனில் இரண்டு, மெத்திலில் மூன்று என ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையே அவ்விகிதம். வேதியியலாளர் தாளில் வரைந்துவந்த கட்டமைப்பு, நீர்மத்தைச் சிதைக்காமலேயே அளவீடாக வெளிப்பட்டது. இம்மூவருள் ஒருவரான தர்மாத்தி இந்தியர். பின்னர் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு, 1952இல், வேரியன் நிறுவனத்தின் 30 மெகாஹெர்ட்ஸ் கருவி விற்பனைக்கு வந்தது.