வெண்கலத்தின் நெற்றி வியர்வை

சிலைக்கு மாலை போடுவது நமக்குப் புதிதில்லை. மாலை போட்ட கையோடு அதன் நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்துவிடுவதை லண்டனில்தான் பார்க்கலாம். செப்டம்பரில், ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ‘ப்ரோம்ஸ்’ இசை விழாவின் கடைசி இரவு வேடிக்கை இது. மாலை போடுகிறவர்கள் அமைச்சர்களோ புரவலர்களோ அல்ல; நின்றுகொண்டே கச்சேரி கேட்கும் ரசிகர்களின் பிரதிநிதிகள்.

சிலை இசை நடத்துநர் ஹென்றி வுட்டுடையது. மார்பளவு வெண்கலம். 1936-இல் டொனால்ட் கில்பர்ட் என்ற சிற்பி செய்தார். அப்போது வுட் உயிரோடிருந்தார்.

உயிரோடிருக்கும்போதே சிலை வைக்கும் அளவுக்கு அவர் என்ன செய்தார்? 1895 ஆகஸ்ட் 10 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில், அதன் மேலாளர் ராபர்ட் நியூமன் இந்த ப்ரோம்ஸ் கச்சேரிகளை மலிவு விலையில் தொடங்கினார். பணம் போட்டவர் ஜார்ஜ் காத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். அவர் இரண்டு நிபந்தனை விதித்தார். கச்சேரிகளை 26 வயது வுட்தான் நடத்த வேண்டும். ஆர்கெஸ்ட்ராவின் சுருதியை ஐரோப்பிய அளவுக்கு இறக்க வேண்டும். இங்கிலாந்தின் உச்ச சுருதி பாடகர்களின் தொண்டையைக் கெடுக்கிறது என்பது டாக்டரின் கட்சி. சுருதி இறங்கியது. ஒரு ஷில்லிங் கொடுத்தால் நின்று கேட்கலாம். புகைக்கலாம், தின்னலாம், குடிக்கலாம். யாராவது பாடும்போது மட்டும் தீக்குச்சி உரசாதிருக்கச் சொன்னார்கள்.

மலிவு டிக்கெட் என்பதற்காக வுட் சரக்கைக் குறைக்கவில்லை. 1912-இல் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ‘ஐந்து ஆர்கெஸ்ட்ரா துண்டுகள்’ முதன்முதலாக அரங்கேறியது அவருடைய ப்ரோம்ஸில்தான். கூட்டம் சீறியது. அவர் அசரவில்லை. 1914-இல் ஷோன்பெர்க்கையே லண்டனுக்கு வரவழைத்து அதே படைப்பை நடத்தவைத்தார்.

1941 மே 10. பிற்பகலில் குவீன்ஸ் ஹாலில் நடத்துநர் மால்கம் சார்ஜென்ட் எல்கரின் ‘த ட்ரீம் ஆஃப் ஜெரான்டியஸ்’ நடத்தினார். அன்றிரவு ஜெர்மன் விமானம் போட்ட தீக்குண்டில் அரங்கம் எரிந்து விழுந்தது. கலைஞர்கள் உள்ளே விட்டுப்போயிருந்த வாத்தியங்களும் போயின. இடிபாடுகளைக் கிளறியபோது கிடைத்தது வுட்டின் வெண்கலத் தலை.

அந்தக் கோடையிலேயே ப்ரோம்ஸ் ஆல்பர்ட் ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. வுட் 1944 ஆகஸ்ட் 19 அன்று, ஐம்பதாவது பருவத்தின்போது காலமானார். சிலை, அவர் படித்த, பின்னாளில் பாடம் சொன்ன ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் சொத்தாயிற்று. இப்போது விழா நடக்கும் எட்டு வாரமும் ஆல்பர்ட் ஹாலில், 9,999 குழல்கள் கொண்ட ஆர்கனின் முன்னால் அது வீற்றிருக்கும்.

புது இடத்தில் விழா உலகத்துக்குக் கதவு திறந்தது. 1966-இல் மாஸ்கோ வானொலி ஆர்கெஸ்ட்ரா வந்தது. ப்ரோம்ஸில் வாசித்த முதல் வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா அதுதான். 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் அரசு ஆர்கெஸ்ட்ராவின் முறை. சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்த அதே நாள். அன்றைய நிகழ்ச்சியிலோ செக் நாட்டவரான த்வோர்ஜாக்கின் செல்லோ கன்செர்ட்டோ! அரங்கில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. சோவியத் செல்லோக் கலைஞர் ரஸ்ட்ரபோவிச் கண்ணீரோடு வாசித்தார். முடிந்ததும் த்வோர்ஜாக்கின் இசைத்தாளைக் கையில் உயர்த்திக் காட்டினார்.

குவீன்ஸ் ஹாலை யாரும் திரும்பக் கட்டவில்லை. அது இருந்த இடத்தில் இன்று ஒரு ஓட்டல். ஆனால் நின்று கேட்கும் வழக்கம் தீயில் போகவில்லை. வியர்வை துடைக்கும் கேலியில் ஒரு நியாயமும் உண்டு: அரை நூற்றாண்டு இவர்களைப் போல அவரும் நின்றுகொண்டேதான் இருந்தார். ப்ரோம்ஸ் நடக்கும்போது ஆல்பர்ட் ஹாலின் நடுத்தரையில் இன்றும் நாற்காலி போடுவதில்லை.