பிராட்வேயில் ஒற்றைக் கிட்டார்: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 236 இரவுகள்

'ஸ்பிரிங்ஸ்டீன் ஆன் பிராட்வே' என்பது அமெரிக்க ராக் இசைக் கலைஞர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க் நகரின் வால்டர் கெர் அரங்கில் தனியொருவராக நடத்திய இசை நிகழ்ச்சியாகும். 2017 அக்டோபர் 3 அன்று முன்னோட்டக் காட்சிகள் தொடங்கின. அக்டோபர் 12 அன்று முறையாக அரங்கேறியது. முதலில் எட்டு வாரங்களுக்கு மட்டுமே திட்டமிடப்பட்ட இந்நிகழ்ச்சி மூன்று முறை நீட்டிக்கப்பட்டு, 2018 டிசம்பர் 15 வரை 236 காட்சிகள் நடந்தது. 2021 கோடையில், பெருந்தொற்றால் மூடிக்கிடந்த பிராட்வே மீண்டும் திறந்தபோது, அதைவிடப் பெரிய செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மேலும் 31 காட்சிகள் நடந்தன.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் இது ஒரு வணிக வெற்றியின் கதையாகத் தோன்றும். உண்மையில் இதன் வரலாற்று முக்கியத்துவம் வேறிடத்தில் இருக்கிறது. விளையாட்டு அரங்குகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்து கத்திப் பாடிய பாடல்களை, எழுதியவரே ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் முன்னால் தனியாக உட்கார்ந்து பாடினார். அப்போது அந்தப் பாடல்கள் எதைச் சொல்கின்றன என்பது பலருக்கு முதல்முறையாகக் காதில் விழுந்தது.

தொடக்கமே தனிக் கிட்டார்தான்

ஸ்பிரிங்ஸ்டீன் 1949 செப்டம்பர் 23 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது ஃப்ரீஹோல்டு என்னும் தொழிலாளர் ஊரில். தந்தை டக்ளஸ் தொழிற்சாலை வேலை, பேருந்து ஓட்டுநர் வேலை எனப் பல வேலைகள் பார்த்தவர். தாய் அடீல் ஒரு சட்ட அலுவலகத்தில் செயலாளர். வீட்டில் நிலையான வருமானம் தாயுடையது. இருண்ட மௌனம் தந்தையுடையது. பிற்காலத்தில் மகன் எழுதிய பாடல்களில் பாதியாவது இந்த இருவரிடமிருந்து வந்தவை.

'ஈ ஸ்ட்ரீட் பேண்ட்' என்ற பெரிய இசைக்குழுவின் தலைவராகவே உலகம் அவரை அறியும். ஆனால் 1972 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா இசை நிறுவனத்தின் ஜான் ஹேமண்ட் முன் அவர் பாடிக் காட்டியபோது கூட எந்தக் குழுவும் இல்லை. கையில் ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் மட்டுமே. பாப் டிலனை அந்த நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஹேமண்ட். அவர் காதில் விழுந்தது சொற்களை முன்னிறுத்தும் ஒரு தனிப் பாடகனின் குரல். ராக் இசைக்குழு அதன்பின் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகும் அந்தத் தனிக் குரல் அவ்வப்போது மேலெழுந்து கொண்டேயிருந்தது. 1982இல் வெளியான 'நெப்ராஸ்கா' தொகுப்பு, வாடகை வீட்டின் அறையில் நான்கு தடங்கள் கொண்ட ஒரு கேசட் பதிவுக் கருவியில் அவர் தனியாகப் பதிவு செய்தது. குழுவுடன் சேர்ந்து மீண்டும் பதிவு செய்து பார்த்தார்கள். முதலில் பதிந்ததன் உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே இசைத்தட்டானது. 1990 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் ஷ்ரைன் அரங்கில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக இரண்டு இரவுகள் தனியாகப் பாடினார். 1995இல் தொடங்கிய 'தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' பயணம் முழுவதுமே சிறிய அரங்குகளில் நடந்த தனி நிகழ்ச்சிதான். கைதட்டித் தாளம் போட வேண்டாம், கூடப் பாட வேண்டாம், அமைதியாக இருங்கள் என்று அந்தப் பயணத்தில் அவர் பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டார். ராக் ரசிகர்களிடம் இப்படிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

தவறாகக் கேட்கப்பட்ட பாடல்

அவர் ஏன் அந்த அமைதியைக் கேட்டார் என்பதற்கு 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலின் வரலாறே போதுமான விளக்கம்.

அந்தப் பாடல் வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிவந்த ஒருவனைப் பற்றியது. ஊரில் அவனுக்கு வேலை இல்லை; உதவும் அலுவலகமும் இல்லை; போகவும் இடமில்லை. 'நெப்ராஸ்கா'வின் காலத்திலேயே தனிக் கிட்டாரில் இதைப் பதிவு செய்திருந்தார். ஆனால் 1984 ஜூனில் உலகம் கேட்டது வேறொரு வடிவத்தை: இடிபோன்ற டிரம்ஸ், எக்காளம் போல முழங்கும் சிந்தசைசர், உச்சக் குரலில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி. பல்லவி மட்டும் காதில் தங்கியது. சரணங்கள் இரைச்சலில் கரைந்தன. தேசபக்தி கீதமாக அதை எடுத்துக்கொண்டு கொடியசைத்தவர்கள் ஏராளம்.

அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று, தேர்தல் பிரசாரத்துக்காக நியூ ஜெர்சியின் ஹேமண்டன் நகருக்கு வந்த அதிபர் ரொனால்டு ரீகன், அந்த மாநிலத்து இளைஞர்கள் போற்றும் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் பேசினார். எந்தப் பாடலையும் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சில நாட்கள் கழித்துப் பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன் இதைக் குறிப்பிட்டு, அதிபருக்குப் பிடித்த தொகுப்பு எதுவாக இருக்கும், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று கேலியாகச் சொல்லிவிட்டு, வேலையிழந்த தொழிலாளி கொலைகாரனாகும் பாடல் ஒன்றைப் பாடினார்.

பாடலைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது என்றே தோன்றுகிறது. இசையமைப்பு ஒன்றைச் சொன்னது, சொற்கள் வேறொன்றைச் சொன்னன. அந்த முரண்தான் பாடலின் வலிமை என்று பிற்காலத்தில் அவரே கருதினார். இருந்தும் 1995 பயணத்தில் அதைத் தனிக் கிட்டாரில் ஏறத்தாழப் புலம்பலாகப் பாடத் தொடங்கினார். 1982இன் பழைய பதிவும் 1998இல் 'டிராக்ஸ்' தொகுப்பில் வெளிவந்தது.

வெள்ளை மாளிகையிலிருந்து 48ஆம் தெருவுக்கு

2016இல் 'பார்ன் டு ரன்' என்ற பெயரில் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 2017 ஜனவரி 12 அன்று, பதவிக்காலம் முடியவிருந்த அதிபர் ஒபாமா தம் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக வெள்ளை மாளிகையின் கிழக்குக் கூடத்தில் ஒரு தனிப்பட்ட நிகழ்ச்சி நடந்தது. சுமார் 250 பேர் முன்னால் ஸ்பிரிங்ஸ்டீன் கிட்டாருடனும் பியானோவுடனும் பாடினார். பாடல்களுக்கு இடையே தம் வாழ்க்கையைச் சொன்னார். பிராட்வே நிகழ்ச்சியின் விதை அதுதான்.

வால்டர் கெர் அரங்கு 48ஆம் தெருவில் 1921இல் கட்டப்பட்டது. இருக்கைகள் சுமார் 960. கடந்த நாற்பது ஆண்டுகளில் தாம் பாடிய மிகச் சிறிய இடங்களில் ஒன்று என்று அவரே அறிவிப்பில் சொல்லியிருந்தார். மேடையில் அலங்காரம் எதுவும் இல்லை. வெறும் பின்சுவர், ஒரு பியானோ, கருவிகள் எடுத்துச்செல்லும் பெட்டிகள், ஒரு நாற்காலி, ஒரு மைக். கருப்புச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்த 68 வயது மனிதர். இரண்டு பாடல்களுக்கு மட்டும் மனைவி பேட்டி சியால்ஃபா வந்து சேர்ந்து பாடுவார்.

குழுவுடன் பாடும்போது ஒவ்வோர் இரவும் பாடல் வரிசையை மாற்றுவது அவருடைய பழக்கம். 2012இல் ஹெல்சின்கியில் ஒரே நிகழ்ச்சியில் நான்கு மணி நேரம் ஆறு நிமிடம் பாடியவர் அவர். இங்கே எல்லாம் தலைகீழ். ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பதினைந்து பாடல் அளவு, ஒவ்வோர் இரவும் அதே வரிசை, முன்கூட்டியே எழுதப்பட்ட அதே பேச்சு. மனந்திறந்த உரையாடல் போலத் தோன்றிய அனைத்தும் திட்டமிட்ட நாடகமே. இது போலித்தனம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை அவர் நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார். கடற்கரைக் கேளிக்கை ஊரிலிருந்து வந்தவன் நான், அங்கே எல்லாவற்றிலும் கொஞ்சம் பித்தலாட்டம் கலந்திருக்கும், என்னிடமும்தான் என்று ஒப்புக்கொள்வார். தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய தாம் ஒருநாளும் தொழிற்சாலைக்குள் வேலை பார்த்ததில்லை என்பார். வாரத்தில் ஐந்து நாள் வேலை என்பதே இந்த பிராட்வே நிகழ்ச்சியில்தான் முதல்முறையாக வாய்த்தது, அது பிடிக்கவும் இல்லை என்பார். ஊரை விட்டு ஓடிப்போவதைப் பாடிப் புகழ்பெற்றவர் இன்று பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் வசிக்கிறார் என்பதையும் சொல்வார். அரங்கு சிரிக்கும்.

சிரிப்புக்குப் பின்னால் தந்தை வருவார். அம்மா அனுப்ப, சிறுவனாக மதுக்கடைக்குள் நுழைந்து அப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்ட காட்சி. தொழிலாளியின் உடையும் தோரணையும் தாம் மேடையில் அணிந்துகொண்டது அப்பாவிடமிருந்துதான் என்ற ஒப்புதல். பிறகு, ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் குழந்தை பிறக்கவிருந்த நாட்களில் தந்தை நெடுந்தூரம் கார் ஓட்டிவந்து, உன்னிடம் நான் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை என்று சொன்ன காலைப்பொழுது. அப்பாவும் மகனும் அதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை. அது போதுமானதாக இருந்தது. இந்தப் பகுதி நிகழ்ச்சியின் உச்சம் என்பேன்.

'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலுக்கு முன்னால் வரும் பேச்சு இன்னும் கூர்மையானது. அவருடைய முதல் குழுவான 'தி காஸ்டைல்ஸ்'சின் டிரம்ஸ் கலைஞர் பார்ட் ஹெய்ன்ஸ் 1967இல் வியட்நாமில் கொல்லப்பட்டார். இராணுவத் தேர்வுக்கு அழைக்கப்பட்ட ஸ்பிரிங்ஸ்டீனும் நண்பர்களும் தப்பிப்பதற்கு முடிந்ததெல்லாம் செய்து தப்பித்தார்கள். தமக்குப் பதிலாக யார் போனார்கள் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பதாக மேடையில் சொல்வார். யாரோ ஒருவர் போனார் என்பது மட்டும் உறுதி. அதன்பின் கண்ணாடிக் குழாயைக் கம்பிகளின் மேல் வழுக்கவிடும் ஸ்லைடு முறையில் கிட்டார் ஒலிக்கும். டிரம்ஸ் இல்லை, எக்காளம் இல்லை. புகழ்பெற்ற பல்லவி கிட்டத்தட்டத் துணைக் கருவியின்றி, ஓய்ந்த குரலில் வரும். கொடியசைக்க அதில் இடமே இருக்காது.

'தி ப்ராமிஸ்டு லேண்ட்' பாடலின் இறுதியில் அவர் மைக்கை விட்டு விலகி, ஒலிபெருக்கி இல்லாத வெறுங்குரலில் பாடினார். 960 இருக்கைகள் கொண்ட அரங்கில்தான் இது முடியும்.

யார் உள்ளே வர முடிந்தது?

சிறிய அரங்கு என்றால் சிலருக்கே இடம். நுழைவுச்சீட்டின் அதிகாரபூர்வ விலை 75 முதல் 850 டாலர் வரை. கள்ளச்சந்தைக்காரர்களைத் தடுக்க முன்பதிவு செய்து சரிபார்க்கப்பட்ட ரசிகர்களுக்கே விற்கும் முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு காட்சிக்கும் 26 சீட்டுகள் குலுக்கல் முறையில் 75 டாலருக்குக் கொடுக்கப்பட்டன. இருந்தும் மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டார்கள். 2018 இறுதிவரை மொத்த வசூல் சுமார் 113 மில்லியன் டாலர். பேருந்து ஓட்டுநரின் மகன் தன் தந்தையைப் பற்றிப் பாடுவதைக் கேட்க, இன்றைய பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு வழி அநேகமாக அந்தக் குலுக்கல்தான். நெட்ஃபிளிக்ஸ் படப்பதிவு 2018 டிசம்பர் 16 அன்று, கடைசிக் காட்சிக்கு மறுநாள் வெளியானபோது இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் நாடகத் துறையின் டோனி சிறப்பு விருதும் கிடைத்திருந்தது.

147ஆம் காட்சி

2018 ஜூன் 19 அன்று இரவு அவர் எழுதிவைத்த பேச்சிலிருந்து விலகினார். மெக்சிகோ எல்லையைக் கடந்துவந்த குடும்பங்களில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைக்கும் அரசின் நடவடிக்கை அந்த வாரம் அமெரிக்காவை உலுக்கிக் கொண்டிருந்தது. 146 காட்சிகளாக ஏறக்குறைய அதே பாடல்களைப் பாடிவருவதாகவும், இந்த இரவு வேறொன்றைக் கேட்கிறது என்றும் பார்வையாளர்களிடம் சொன்னார். பிறகு 'தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' பாடினார். ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில், பஞ்சத்தால் நிலமிழந்து கலிஃபோர்னியாவுக்குப் புலம்பெயரும் குடும்பத்தின் மகன் டாம் ஜோட். 1995இல், பார்வையாளர்களிடம் அமைதி கேட்டுப் பாடிய அந்தப் பயணத்தின் தலைப்புப் பாடல் அது.

அடுத்த மாதம் படப்பதிவு நடந்தபோது அந்தப் பாடல் நிகழ்ச்சியில் நிலைத்துவிட்டிருந்தது. இன்று திரையில் நிகழ்ச்சியைப் பார்ப்பவர்களுக்கு அது முதலிலிருந்தே அங்கே இருந்தது போலத்தான் தெரியும்.