தொப்பியின் நாதமும் தணிப்பு எண்ணும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைவழியில் உள்ளது கல்லாறு. 1943-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு தன் தலைநகரில் வானொலி நிலையம் ஒன்றை நிறுவியது. 1950-இல் அது அகில இந்திய வானொலியைச் சேர்ந்தது. நிலையம் அனுப்பும் கச்சேரி கல்லாறு போன்ற மலையடிவாரத்து ஊரை எட்டினாலும், மிருதங்கத்தின் தொப்பி உள்ளபடி முழங்குவது நம் வீட்டுக் கருவியைப் பொறுத்ததே.

தொப்பியைத் தட்டிய வித்துவான், வேண்டியபோது உள்ளங்கையை வைத்து நாதத்தை அடக்குகிறார். ஒலிபெருக்கியின் கூம்பை அடக்கும் கை எது? 1925-இல் அமெரிக்கப் பொறியாளர்களான ரைஸ், கெல்லாக் இருவரும் வெளியிட்ட அமைப்பில், காந்தத்தினிடையே அசையும் கம்பிச்சுருள் கூம்பை இயக்கியது. அடி நின்ற பின்னும் கூம்பு தன் இயல்பான அதிர்வில் ஆடும். அப்போது சுருளில் மின்னோட்டம் பிறந்து, அவ்வாட்டத்தையே தடுக்கும். மின்பெருக்கியின் உள்தடை குறைவாயின் இக்கடிவாளம் இறுகும், மிகுதியாயின் தளரும். பென்டோடு வால்வுகளின் உள்தடை பெரிது. ஆகவே அவற்றைக் கொண்ட பழைய பெட்டிகள் பலவற்றில் தாழ்ந்த சுருதிகள் ஒன்றோடொன்று கலந்து குமுறின.

இதற்கு மருந்து தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. 1927-இல் ஹெரால்டு பிளாக் என்பார், நீண்ட தொலைபேசித் தொடர்களில் சேரும் பிழையைக் குறைக்க எதிர்ப் பின்னூட்டத்தைக் கண்டார். வெளிவரும் மின்னழுத்தத்தில் ஒரு பங்கை எதிர்முகமாக உள்ளே திருப்புவதால், பிழையோடு உள்தடையும் குறைந்தது. 1947-இல் வில்லியம்சன் வெளியிட்ட பெருக்கி இம்முறையை இசைப்பிரியர்களின் இல்லங்களுக்குக் கொணர்ந்தது.

ஒலிபெருக்கியின் தடையைப் பெருக்கியின் உள்தடையால் வகுத்தால் வருவதே தணிப்பு எண். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு உள்தடை 0.4 ஓம் எனில் எண் 20, 0.04 எனில் 200. ஆயினும் நேயர்கள் இவ்வெண்ணில் மயங்குதல் வேண்டா. சுருளுக்கே ஏறத்தாழ 6 ஓம் தடை உண்டு. இரண்டையும் கூட்டினால் முன்னது 6.4, பின்னது 6.04. எண் பத்து மடங்கு உயர்ந்தும், மொத்தத் தடை நூற்றுக்கு ஆறு பங்கே குறைந்தது! இடையிலுள்ள மெல்லிய நீண்ட கம்பி 1 ஓம் தடை சேர்த்தாலோ, 200 என்ற பெருமை 8-க்கும் கீழே இறங்கிவிடும்.

எஞ்சியது பெட்டியின் பொறுப்பு. 1961-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தீல், பெட்டி, கூம்பு, சுருள், பெருக்கி ஆகிய அனைத்தையும் ஒருங்கே கணக்கிடும் வழியைக் காட்டினார். ஆகவே பெரிய எண்ணுக்குப் பொருள் செலவிடுமுன், தடித்த கம்பியையும் தகுந்த பெட்டியையும் நாடுவோம். தொப்பியின் நாதம் எழவேண்டிய இடத்தில் எழுந்து, அடங்கவேண்டிய இடத்தில் அடங்கும்.