சந்நிதித் தெருவில் முகம் யாருக்குச் சொந்தம்?

திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் இருக்கும் முருகனைச் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. கோபுர வாசலுக்கு வெளியே, அதே முருகனுக்குப் பால்குடம் சுமந்து வருபவரை யாரும் எடுக்கலாம். முகத்துக்கு நேரே போனை நீட்டி எடுக்கலாம். அன்று மாலையே பின்னணிப் பாட்டு சேர்த்து ரீல்ஸாக ஓடவிடலாம். சாமிக்கு இருக்கும் பாதுகாப்பு ஆசாமிக்கு இல்லை. இந்த இடைவெளி ஏன் இருக்கிறது, சட்டம் இதை நிரப்ப வேண்டுமா, நிரப்பப் போனால் எதை இழக்க நேரும் என்பவை இக்கட்டுரையின் கேள்விகள்.

முதலில் தடையின் கதை. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன் பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி அங்கே செல்போன் தடை செய்யப்பட்டது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்தத் தடையைத் தமிழகக் கோயில்கள் அனைத்திலும் நடைமுறைப்படுத்துமாறு உத்தரவிட்டது. கோயிலின் புனிதமும் மூலவரைப் படம் பிடிப்பதும்தான் அங்கே முதன்மையாகப் பேசப்பட்டன. பெண் பக்தர்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கிறார்கள் என்ற அச்சமும் அந்த வழக்கில் ஒலித்தது. புனிதம் வாசற்படியோடு நின்றுவிடலாம். அந்த அச்சம் அப்படி நிற்பதில்லை. படி இறங்கி, சந்நிதித் தெரு வழியாகச் சரவணப்பொய்கை வரைக்கும் வருகிறது.

பொய்கைக் கரையில் ஈரத்துணியோடு நிற்கும் பெண்கள், மொட்டை போடுகையில் கதறும் குழந்தைகள், அலகு குத்திய கன்னங்கள், அருள் வந்து தன்னை மறந்து ஆடுபவர், அன்னதான வரிசையில் நிற்கும் முதியவர், நடைபாதையிலேயே உறங்கி எழும் பரதேசி. வைகாசி விசாகத்திலும் பங்குனித் திருவிழாவிலும் பௌர்ணமிக் கிரிவலத்திலும் இவர்கள் அத்தனை பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். வீட்டுக் கதவைச் சாத்தினால் அந்தரங்கம், திறந்து வெளியே வந்தால் பொது என்று பிரிக்கும் சட்டச் சிந்தனை இந்தத் தெருவில் தடுமாறிப்போகிறது. வெளியூரிலிருந்து கேமராவோடு வருபவருக்கு இது பொது இடம். நடைபாதையில் படுத்திருப்பவருக்கு இதுதான் படுக்கையறை. அருள் வந்தவரிடம் சம்மதம் கேட்பது என்பதற்கே பொருள் இல்லை. அந்த நேரத்தில் பதில் சொல்ல அவர் ‘அங்கே’ இல்லை என்பதுதான் அவருடைய நம்பிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதை இந்தியச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்துக்கு உரிமையாளர் பொதுவாக எடுத்தவரோ, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரோதான். படத்தில் இருக்கிற வழிப்போக்கருக்கு அதில் காலணா பங்கு இல்லை. குற்றமாகும் இடங்கள் குறுகியவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 354சி, அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் தண்டிக்கிறது. பொது இடத்தில், சாதாரண நிலையில் இருக்கும் பெண்ணை எடுத்த படம் இந்தப் பிரிவுக்குள் வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும்: உடலின் சில பகுதிகளைச் சட்டம் காக்கிறது, முகத்தை விட்டுவிடுகிறது.

இதற்கு மாறாக ஒரு கீற்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு வெளியே, கதவில்லாத மறைப்பில் குளித்த பெண்ணை எட்டிப் பார்த்தவர், அது பொது இடம் என்று வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புனித நீராடும் படித்துறை போன்ற திறந்த இடத்தில்கூட, தன்னை யாரும் படம் பிடித்துப் பரப்ப மாட்டார்கள் என்று ஒரு பெண் எதிர்பார்ப்பது நியாயமே என்ற திசையில் அது பேசியது. இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பேச்சுக்கு வேலை வந்தது. 2025 கும்பமேளாவில் நீராடிய பெண்களின் படங்களைச் சமூக ஊடகத்தில் போட்டவர்கள் மீது உத்தரப் பிரதேசக் காவல் துறை பிப்ரவரியில் வழக்குப் பதிந்தது. பிரயாக்ராஜ் படித்துறைக்குப் பொருந்துவது சரவணப்பொய்கைக்கும் பொருந்தும்.

ஆனால் தீங்கு எப்போதும் பாலியல் வடிவில்தான் வரும் என்று நினைப்பது சட்டத்தின் பழக்க தோஷம். அதே கும்பமேளாவில் பாசிமணி விற்க வந்த ஓர் இளம்பெண்ணின் கண்ணழகு இணையத்தில் பரவியது. அடுத்த நாட்களில் அவரைச் சுற்றிக் கூடியவர்கள் மணி வாங்கவில்லை, செல்ஃபி எடுத்தார்கள். வியாபாரம் கெட்டு, அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு சினிமா வாய்ப்பு வந்தது என்பதை வைத்து எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி வாய்ப்பு வராத பூக்காரிகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. இன்னொன்று 2002 குஜராத் கலவரத்தில் நடந்தது. கைகூப்பி உயிருக்கு மன்றாடிய ஒரு தையல் தொழிலாளியை ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்க்கோ தத்தா எடுத்தார். பெயரைச் சொல்லாமலே அந்த முகம் வாசகருக்கு நினைவு வரும். அதுவே அவருடைய துன்பமும் ஆயிற்று. ஊர் மாறி வேலைக்குப் போன இடத்திலும் படம் முன்னால் போய் நின்றது, வேலை போனது. அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கவே கூடாது என்று நேர்மையுள்ள எவரும் சொல்ல மாட்டார். ஆனால் பல ஆண்டு கழித்து அரசியல் கட்சிகள் தேர்தல் நேரத்தில் அதை எடுத்து ஒட்டியபோது, தன்னை விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்க நேர்ந்ததும் உண்மை. எடுத்தது ஒரு செயல். திரும்பத் திரும்பப் பரப்பியது வேறு செயல். இக்கட்டுரையின் வாதம் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

மதுரைச் சமவெளிக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் மதுரையைப் படம் எடுத்தபோது காகித நெகட்டிவ் ஒளியைப் பிடிக்க நேரம் எடுத்துக்கொண்டது. அசையும் மனிதர் அதில் தங்குவது அரிது. கட்டடங்கள்தான் நின்றன. அரை நூற்றாண்டில் நிலைமை மாறியது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலும் கேமராவுமாக மனிதரை அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டப் பதிவையும் கைரேகையையும் எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. தன் உடலின் பதிவு தன் சம்மதமின்றி இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக உயிர் கொடுத்த மண் இது.

அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டம் கைதானவர்களைப் படம் எடுக்கக் காவல் துறைக்கு அதிகாரம் தந்தது. வியப்பு என்னவென்றால், முன் தண்டனை இல்லாத ஒருவர் விடுதலையானால் அவருடைய படத்தை அழிக்க வேண்டும், அல்லது அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்றும் அது சொன்னது. நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னால் தவிர. 2022இல் வந்த புதிய சட்டமும் அழிக்கும் கடமையைக் கைவிடவில்லை. குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவருக்கு நூறு ஆண்டாக இருக்கும் இந்த உரிமை, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் சந்நிதித் தெருவில் பூக்கட்டும் பெண்ணுக்கு இல்லை. தன் படம் எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்தாலும், எடுத்தவரிடம் ‘அதை நீக்குங்க தம்பி’ என்று கெஞ்சலாம். அவ்வளவுதான்.

அப்படியானால் கேமராவையே தெருவிலிருந்து விரட்டிவிடலாமா? கூடாது. காரணம் தேட மதுரைக்கு வெளியே நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2025 ஜூன் கடைசியில், திருப்புவனம் அருகே மடப்புரம் காளியம்மன் கோயிலின் காவலாளி ஒருவர் காவல் துறையினரின் விசாரணையில் இறந்தார். கோயிலுக்குப் பின்புறம் அவரை அடித்ததை ஒருவர் மறைவிலிருந்து போனில் எடுத்திருந்தார். அந்தச் சில நொடிகள் மதுரைக் கிளையின் முன் வந்தன. வழக்கு சிபிஐக்குப் போனது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் கொல்லப்பட்டபோதும், காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை சொன்ன கதையைக் கடைத்தெருவின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பொய்யாக்கியது. கோயில்களில் செல்போனைத் தடுத்த அதே மதுரைக் கிளைதான் கோயிலருகே எடுத்த செல்போன் காட்சியின் முன்னும் அமர்ந்தது. சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற பொதுவிதி இருந்தால் முதலில் அதைப் பிடித்துக்கொள்பவர் லத்தி வைத்திருப்பவர்தான்.

புகைப்படக் கலைஞர்களின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளரின் வாழ்க்கையையும் ஆண்டுக்கணக்கில் பதிந்தவர். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அந்த மனிதரின் படங்கள் சங்கடம் தருபவை, தர வேண்டியவை. ஆனால் அவற்றை எடுத்த முறையைப் பாருங்கள். திரும்பத் திரும்பப் போய், அந்தக் குடும்பங்களோடு பழகி, அவர்களுடைய பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கக் கற்றுத்தந்தவர். மீன் விற்ற தன் தாயையும் அதே கேமராவால் எடுத்தவர். துயரத்தைப் படம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு இது ஒரு விடை: எடுக்கலாம், படத்தில் இருப்பவர் படத்தின் பின்னாலும் இருக்கிற வரை. கிரிவலப் பாதையில் பிச்சைக்காரரின் சுருக்கத்தை நெடுந்தூர லென்ஸில் இழுத்து, போட்டிக்கு அனுப்பிவிட்டு ஊர் திரும்புவது இதன் பக்கத்தில்கூட வராது.

வெளிநாட்டுச் சட்டங்கள் இந்தக் கேள்வியில் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நியூயார்க்கில் பிலிப் லோர்கா டிகோர்சியா, டைம்ஸ் சதுக்கத்தில் மறைத்துவைத்த விளக்கொளியில் வழிப்போக்கரை எடுத்துக் காட்சிக்கு வைத்தார். ஒரு பிரதி 20,000 டாலருக்கும் மேல் விற்றது. படம் எடுப்பது தன் சமயத்துக்கே விரோதம் என்று சொன்ன யூத முதியவரின் வழக்கு 2006இல் தள்ளுபடியானது. கலை, பேச்சுரிமை என்றது நீதிமன்றம். கனடாவின் மாண்ட்ரியலில் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைச் சம்மதமின்றி வெளியிட்ட பத்திரிகை 2,000 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜெர்மனி இன்னும் பழையது. 1898இல் பிஸ்மார்க்கின் சடலத்தை அறைக்குள் புகுந்து படம் எடுத்தவர்களால் எழுந்த கொந்தளிப்பு, 1907இல் சட்டமாயிற்று: ஒருவரின் உருவத்தைப் பரப்ப அவர் சம்மதம் வேண்டும். கூட்டம், ஊர்வலம், நிலக்காட்சியில் தற்செயலாக வருபவர், செய்தி முக்கியத்துவம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. திருப்பரங்குன்றத்துக்கு இந்த ஜெர்மன் பிரிப்பு நன்றாகவே பொருந்தும். 2025 பிப்ரவரியிலும் டிசம்பரிலும் மலை தொடர்பான சர்ச்சையில் கூட்டம் திரண்டபோது, அந்தக் கூட்டத்தைக் காட்டும் படம் செய்தி. அதிலிருந்து ஒரே ஒருவரின் முகத்தை வெட்டி எடுத்து, வட்டம் போட்டு, வசையோடு சுற்றில் விடுவது செய்தி ஆகாது.

நமக்கு இறக்குமதிச் சரக்கு வேண்டியதும் இல்லை. தமிழகத்திலிருந்து போன வழக்கே போதும். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த ராஜகோபால் தீர்ப்பு, ஒருவரின் சொந்த வாழ்க்கை பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்றது. பொது ஆவணங்களில் இருப்பவற்றுக்கு விலக்குத் தந்தது. அரசு ஊழியர் தம் கடமைச் செயல்கள் தொடர்பாக இந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது என்றும் தெளிவாகச் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பு, பொது இடத்துக்கு வந்ததால் மட்டும் ஒருவரின் அந்தரங்கம் அற்றுப்போவதில்லை என்றது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவின் விளக்கமோ, எடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதித்தவராகிவிட மாட்டார் என்று ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. மடப்புரத்துப் போனைக் காக்கவும் பொய்கைப் படிப் பெண்ணைக் காக்கவும் தேவையான கற்கள் மூன்றும் இங்கேயே கிடக்கின்றன. யாரும் எடுத்து அடுக்கவில்லை.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அடுக்கியிருக்கலாம். அடையாளம் தெரியும் முகப் படம் அதன் பார்வையில் தனிநபர் தரவுதான். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கு விலக்குத் தந்த அந்தச் சட்டம், இதழியலுக்குத் தனி விலக்குத் தரவில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் அமைப்பு இதைச் சுட்டிக்காட்டியும் மாறவில்லை. பொறுப்போடு எடுக்கும் நிருபர் கவலைப்பட வேண்டும். லட்சம் பேர் பார்க்கும் ரீல்ஸ்காரர் ‘நான் சொந்தத்துக்குத்தான் போட்டேன்’ என்று நழுவ முயலலாம். தலைகீழான ஏற்பாடு இது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதங்கள் தரப்பட்டிருக்கின்றன.

அந்த அவகாசத்துக்குள் செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. பொது இடத்தில் எடுக்கும் உரிமையைத் தொட வேண்டாம். கடமையில் இருக்கும் அரசு ஊழியரை எடுப்பதையும் இதழியலையும் சட்டமே பெயர் சொல்லி விலக்க வேண்டும். மற்றபடி, தனி ஒருவரின் முகத்தை மையமாக்கிப் பொதுவில் பரப்பிய படத்தை அவர் கேட்டால் நீக்கியாக வேண்டும் என்ற கடமை எழுத்தில் வர வேண்டும். நீராடுவோர், அருள் வந்தோர், மொட்டை போடும் குழந்தைகள், தெருவில் உறங்குவோர் ஆகியோரின் படங்களுக்குக் கேட்கும் சுமைகூட அவர்கள் மீது விழக் கூடாது. பரப்பியவர்தான் நியாயம் காட்ட வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்றும் உண்டு. கோபுர வாசலில் செல்போன் தடைப் பலகை வைத்திருக்கும் அறநிலையத் துறை, சரவணப்பொய்கைப் படியிலும் ஒரு பலகை வைக்கட்டும்: குளிப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள்.